பூஞ்சை பிடித்த வாடகை வீடு: செலவு யார் தலையில்?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவரும் கணவரும் ஆறு வயது மகளும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது ஆண்டாக வாடகைக்கு இருக்கிறார்கள். குடிவந்தபோது சுவரெல்லாம் புது பெயின்ட். ஐந்தாறு மாதத்தில், குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் பெயின்ட் கொப்பளித்து, உப்பு பூத்து, காரை உதிரத் தொடங்கியது. மழையே இல்லாத மாதங்களிலும் அந்த இடம் காயவில்லை. அதன் பிறகு ஜன்னல் பக்கத்து மூலையில், பீரோவுக்குப் பின்னால், கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பரவியது. பீரோவின் பின்பலகை ஊறிவிட்டது. மெத்தையின் ஒரு பக்கம் நாற்றமடிக்கிறது. மகளுக்கு இரவில் இருமலும் மூச்சிரைப்பும்.

வீட்டுக்காரரிடம் மூன்று முறை போனில் சொல்லியிருக்கிறார். "ஜன்னலைத் திறக்காமல் துணியை வீட்டுக்குள் காயப்போட்டால் இப்படித்தான் ஆகும். காலி செய்யும்போது பெயின்ட் செலவை அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன்" என்பது அவர் பதில். வாடகை ஒப்பந்தத்தில் 'வீட்டை உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வரியும் இருக்கிறதாம். அடுத்த மாதம் முதல் வாடகையே கொடுக்க வேண்டாம் என்கிறார் கணவர். வாசகியோ, வம்பே வேண்டாம், நாமே ப்ளீச் ஊற்றிக் கழுவி பெயின்ட் அடித்துவிடலாமா என்று யோசிக்கிறார். ஆய்வகத்தில் கொடுத்து 'விஷப் பூஞ்சை' என்று நிரூபித்தால் நம் பக்கம் வலுக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

"எங்கள் மேலும் தவறு இருக்கலாம் என்ற கூச்சத்தில் எழுத்தில் எதையும் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் வாடகைத் தகராறுகளில் மிக அதிகமாகக் கேட்கும் பேச்சு இதுதான். வாடகைதாரர்களின் கையைக் கட்டிப்போடுவதும் இதுதான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்தக் குளியலறைச் சுவருக்கு நீங்கள் பொறுப்பாக வாய்ப்பு மிகக் குறைவு. பீரோவுக்குப் பின்னால் இருப்பதில் மட்டும் கொஞ்சம் பேச இடமிருக்கிறது.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. வாடகைச் சட்டம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே எங்கும் பொதுவாகச் செல்லக்கூடியதைச் சொல்லி, சட்டம் பிரியும் இடங்களில் எடுத்துக்காட்டு தருகிறேன். அடி எடுத்து வைக்கும் முன் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடமோ இலவசச் சட்ட உதவி மையத்திலோ ஒரு முறை காட்டிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், மகள். இரவில் மூச்சிரைக்கும் குழந்தையை அந்த அறையில் இன்றிரவிலிருந்தே படுக்க வைக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது வீட்டில் ஓதமும் (சுவரில் ஊறும் ஈரம்) பூஞ்சையும் இருப்பதைச் சொல்லி, அதையும் மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். ஓதம் உள்ள வீடுகளில் மூச்சுத் தொல்லைகளும் ஆஸ்துமா தீவிரமாவதும் அதிகம் என்பதற்குப் போதுமான சான்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி நூலில் சொல்லியிருக்கிறது. தகராறு முடியட்டும் என்று இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பூஞ்சைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் இரண்டு தரப்பும் முடிவில்லாமல் வாதாடலாம். பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. ஈரம் கிடைத்த இடத்தில் முளைக்கின்றன, கிடைக்காத இடத்தில் சும்மா கிடக்கின்றன. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. ஆகவே சட்டத்திலும் சரி, சமரசப் பேச்சிலும் சரி, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? கட்டடத்திலிருந்து வந்தால் வீட்டுக்காரர் பொறுப்பு. குடியிருப்பவர் வீட்டைப் பயன்படுத்திய விதத்திலிருந்து வந்தால் குடியிருப்பவர் பொறுப்பு. இரண்டும் கலந்து வந்தால் பொறுப்பும் பங்காகும்.

உங்கள் கடிதத்தை இந்தக் கண்ணோடு படித்தால் அங்கே இரண்டு வெவ்வேறு ஈரங்கள் தெரிகின்றன. நீங்களும் வீட்டுக்காரரும் அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

குளியலறைச் சுவரில் கொப்பளித்த பெயின்ட், பூத்த உப்பு, கோடையிலும் காயாத ஈரம் ஆகிய மூன்றும் சுவருக்கு உள்ளிருந்து தண்ணீர் வருவதைக் காட்டும் அடையாளங்கள். செங்கல்லிலும் காரையிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும் தண்ணீர், ஆவியாகும்போது உப்பைச் சுவரின் மேல் விட்டுவிட்டுப் போகிறது. உள்ளே துணி காயப்போட்டதால் சுவரில் உப்பு பூக்காது. குழாய்க் கசிவாக இருக்கலாம், அல்லது குளியலறைத் தரைக்கு அடியில் நீர்க்கசிவுத் தடுப்பு பழுதாகி, டைல்ஸ் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கலாம். நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் படம் எடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். எண் நகர்ந்திருந்தால் வீட்டுக்குள் வரும் குழாயில் எங்கோ கசிவு இருக்கிறது. நகரவில்லை என்பதற்காகக் கசிவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கழிவுநீர்க் குழாய் வழியாகவும் டைல்ஸ் வழியாகவும் போகும் தண்ணீர் மீட்டரில் தெரியாது. அதற்குப் பிளம்பர்தான் வந்து பார்க்க வேண்டும்.

கசிவு மேல்வீட்டிலிருந்தோ பொதுக் குழாயிலிருந்தோ வந்தால்? வீட்டுக்காரர் "அது என் வீட்டுப் பிரச்சினை இல்லை" என்று சொல்லக்கூடும். உங்கள் ஒப்பந்தம் அவரோடுதான். மேல்வீட்டுக்காரரிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ அவர் பேசிக்கொள்ள வேண்டும். நீங்கள் அவர்களிடம் நடையாக நடக்க வேண்டியதில்லை.

ஜன்னல் மூலைக் கதை வேறு. உப்பு இல்லை, கொப்பளிப்பு இல்லை, கறுப்புப் புள்ளிகள் மட்டும். சமைப்பது, குளிப்பது, துணி காய்வது, ஏன், நாம் மூச்சுவிடுவது எல்லாம் காற்றில் ஈரத்தைச் சேர்க்கின்றன. அந்தக் காற்று குளிர்ந்த வெளிச்சுவரில் படும்போது நுண்ணிய நீராகப் படிகிறது. பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அந்த இடுக்கில் காற்று ஓடாது, படிந்த நீர் காயாது. இதை உறுதி செய்ய, அந்தச் சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு சாண் அளவு அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அறைப் பக்கத்தில் ஈரம் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரைத் தொட்டிருந்த பக்கத்தில் இருந்தால் சுவர்தான் கசிகிறது. சின்ன ஈரப்பதமானி ஒன்றும் வாங்கி வையுங்கள். அறையில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நிற்பது நல்லது. காலையும் இரவும் எழுதி வைத்தால் அதுவே பிற்பாடு சான்றாகும்.

"நீங்கள் வாழ்கிற விதம்தான் காரணம்"

வீட்டுக்காரரின் இந்த வாதத்தை முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஜன்னல் மூலைக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் கட்டடத்தைப் பார்க்காமலேயே இதைச் சொல்லிக் கதவைச் சாத்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு துயரமான சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வாடகை வீட்டில் இருந்த பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததால் வந்த கடுமையான மூச்சுக்கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். குழந்தையின் தந்தை 2017லேயே பூஞ்சை பற்றிச் சொன்னபோது, அதன் மேல் பெயின்ட் அடிக்கும்படி பதில் வந்திருந்தது. அந்தத் தீர்ப்புக்கு முன்பே, 2021 அக்டோபரில், அந்த நாட்டின் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார். வீட்டு நிறுவனங்கள் ஓதத்துக்கும் பூஞ்சைக்கும் குடியிருப்பவரின் வாழ்க்கை முறையைக் காரணம் காட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். பிறகு அந்தக் குழந்தையின் பெயராலேயே சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல் அங்குள்ள சமூக வீட்டுவசதி நிறுவனங்கள் (குறைந்த வாடகைக்கு வீடு தரும் அமைப்புகள்), உடனடி ஆபத்து தரும் அவசரக் குறைகளை 24 மணி நேரத்துக்குள் ஆராய்ந்து ஆபத்தை நீக்க வேண்டும். கணிசமான ஓதம், பூஞ்சை என்றால் 10 வேலை நாட்களுக்குள் வந்து ஆராய வேண்டும்.

சமைப்பதும் குளிப்பதும் துணி துவைப்பதும் ஒரு வீட்டில் இயல்பாக நடக்கிற காரியங்கள். அவற்றைத் தாங்குவதற்குத்தான் வீடு. உங்கள் குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லை என்றும், படுக்கையறை ஜன்னலின் ஒரு கதவு பெயின்ட் இறுகித் திறக்கவே வரவில்லை என்றும் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்! திறக்க முடியாத ஜன்னலைத் திறக்கவில்லை என்று உங்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

உங்கள் பங்குக்கு, பீரோவைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி வையுங்கள். குளித்த பின் குளியலறைக் கதவைச் சாத்தி, அதன் ஜன்னலைத் திறந்து விடுங்கள். துணியை முடிந்தவரை வெளியே காயப்போடுங்கள். இவற்றைச் செய்யத் தொடங்கிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு செய்தும் பூஞ்சை திரும்பி வந்தால் வீட்டுக்காரரின் வாதம் தானாகவே விழுந்துவிடும்.

எல்லாச் சட்டமும் குடியிருப்பவர் பக்கமே சாயும் என்று நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் வெளிச்சுவர் சில்லிட்டுப் போய்ப் பூஞ்சை பிடிக்கும் அபாயம் இருந்தாலும், கட்டிய காலத்து விதிப்படி கட்டடம் சரியாக இருந்தால் அதை மட்டும் வைத்துக் குறைபாடு என்று சொல்ல முடியாது என 2018இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் 2016 முதல் கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை வீட்டுத் தரக் குறைவாகக் கருதப்படுகிறது. ஆனால் இயல்பான பயன்பாட்டில் ஈரமாகும் பரப்புகளில் வரும் சிறிய அளவுப் பூஞ்சைக்கு விலக்கு உண்டு.

வாடகையை நிறுத்தலாமா?

கூடாது. உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இன்று வீட்டுக்காரர்தான் கடமை தவறியவர். வாடகையை நிறுத்திய மறுநாள் பாக்கி வைத்த வாடகைதாரர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். பூஞ்சை வழக்கு வெளியேற்ற வழக்காக மாறிவிடும்.

சில நாடுகளில் வாடகை குறையவே செய்யும். ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 536ஆம் பிரிவின்படி, வீட்டின் பயன் குறைந்த அளவுக்கு வாடகையும் தானாகக் குறைகிறது. அங்கேகூட அளவுக்கு மீறிக் கழித்துவிட்டால் பாக்கிக்காக வெளியேற்றப்படும் அபாயம் உண்டு. அதனால் பலர் 'உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்' என்று எழுதிவிட்டு முழு வாடகையைக் கட்டுகிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து போன்ற மாநிலங்களில் வாடகையை நீதிமன்றத்தில் செலுத்த வழி இருக்கிறது. இந்தியாவில் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இன்னொரு வழி தருகிறது. வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், வாடகைதாரரே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் இது மாறும். மாநில வாடகைச் சட்டங்களும் குறுக்கே வரும். எந்த நாடானாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு காசும் கழிக்காதீர்கள். வாடகையை வங்கி வழியாக, தேதி தவறாமல் கட்டுங்கள்.

'உள்ளது உள்ளபடி' என்ற வரியைப் பார்த்தும் மலைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் கட்டடத்தின் அமைப்பையும் குழாய்களையும் பழுது பார்க்கும் கடமையைச் சாதாரண வாடகை ஒப்பந்தத்தில் எழுதித் தட்டிக்கழிக்க முடியாது. இந்தியச் சட்டத்தில் கடமை ஒப்பந்தத்துக்கு உட்பட்டதே. ஆனாலும் நான் சொன்ன அதே 108ஆம் பிரிவு, வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்து, குடிவருபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறது. நீங்கள் குடிவந்தபோது புது பெயின்ட் அடித்திருந்தது. அந்த பெயின்ட்டுக்குக் கீழே பழைய ஓதம் இருந்ததா? உங்களுக்கு முன் குடியிருந்தவரை அக்கம்பக்கத்தில் யாருக்காவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் மூடி வைத்ததை 'உள்ளபடி' ஏற்றுக்கொண்டதாகச் சொல்வது எளிதல்ல.

ஆய்வகம், ப்ளீச், பெயின்ட்

மூன்றுமே இப்போது வேண்டாம். கறுப்பாக இருப்பதெல்லாம் விஷமும் இல்லை, வெளுத்திருப்பதெல்லாம் சாதுவும் இல்லை. நிறத்தை வைத்து வகை சொல்ல முடியாது. இவ்வளவு வரை பாதுகாப்பு என்று பூஞ்சைக்கு ஓர் எண்ணை உலக சுகாதார நிறுவனமும் வகுக்கவில்லை. கண்ணுக்கே தெரியும் பூஞ்சைக்கு ஆய்வக அறிக்கை வாங்குவதைவிட, அந்தப் பணத்தில் ஒரு நல்ல பிளம்பரையோ கட்டடப் பொறியாளரையோ வரவழைத்து, தண்ணீர் வரும் வழியை எழுத்தில் வாங்குங்கள். நீதிமன்றத்திலும் அதற்குத்தான் மதிப்பு.

பூஞ்சை மேல் பெயின்ட் அடித்தால் உரிந்து வரும். அதைவிட முக்கியம், உங்கள் சான்றை நீங்களே அழித்ததாகிவிடும். முதலில் எல்லாவற்றையும் அளவுகோலோடு படம் எடுங்கள். பிறகு ஜன்னல் மூலையில் இருப்பதை, அது 10 சதுர அடிக்குள் இருந்தால், முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். குழந்தை அப்போது அந்த அறையில் இருக்க வேண்டாம். ப்ளீச்சைக் கையாலும் தொட வேண்டியதில்லை. செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால் கொன்றுவிட்டு அங்கேயே விடுவதில் பலனில்லை. குளியலறைச் சுவரை யாராவது வந்து பார்க்கும்வரை சுரண்டாமல் விடுங்கள்.

எழுத்தில் கொடுங்கள்

போனில் சொன்னது காற்றோடு போய்விடும். பல நாடுகளில் வீட்டுக்காரருக்குத் தெரியப்படுத்திய நாளிலிருந்துதான் அவர் கடமையே தொடங்குகிறது. சொல்லாமல் விட்டதால் சேதம் கூடினால் அந்தக் கூடுதல் சேதம் வாடகைதாரர் தலையில் விழலாம். கடிதம் சண்டைக் கடிதமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, படுக்கையறையில் குளியலறையை ஒட்டிய சுவரின் கீழ்ப்பகுதியில் ஓதம் ஏறி, உப்பு பூத்து, காரை உதிர்கிறது. ஜன்னல் மூலையில் பூஞ்சை பிடித்திருக்கிறது. இதை உங்களிடம் முன்பு மூன்று முறை போனில் தெரிவித்தேன். படுக்கையறை ஜன்னலின் ஒரு கதவு திறக்க வரவில்லை, குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லை. என் மகளுக்கு மூச்சுத் தொல்லை இருக்கிறது. 14 நாட்களுக்குள் பிளம்பரை அனுப்பி நீர்க்கசிவின் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் சொல்லும் நேரத்தில் வீட்டைத் திறந்து காட்ட நான் தயார். படங்கள் இணைத்திருக்கிறேன்."

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். 'வேலை செய்ய உள்ளே விடவில்லை' என்று பின்னால் அவர் சொல்ல முடியாது. பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் அதையே போடுங்கள். பழைய மூன்று போன் அழைப்புகளின் தேதிகள் செல்போனில் இருந்தால் இப்போதே திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

பீரோ, மெத்தை, அட்வான்ஸ்

பொருள்களுக்கான இழப்பீட்டில் நம்பிக்கையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில், வீட்டுக்காரருக்குத் தெரிந்த பிறகும் அவர் சும்மா இருந்ததால் வந்த சேதம் என்று காட்ட வேண்டும். கிடைப்பதும் புதுப் பொருளின் விலையாக இருக்காது, பழசான பொருளுக்குரிய மதிப்பாகவே இருக்கும். அதோடு, உங்கள் பீரோ நின்றது ஜன்னல் மூலையில். அங்கே ஈரம் அறைக் காற்றிலிருந்து வந்தது என்று தெரிந்தால் முழு இழப்பீடு கிடைப்பது கடினம். மெத்தை எந்தச் சுவர்ப் பக்கம் கெட்டது என்று படத்தில் தெளிவாகத் தெரியட்டும். அது குளியலறைச் சுவர்ப் பக்கம் என்றால் உங்கள் கோரிக்கை வலுவாகிறது. ஊறிய மெத்தையைக் காப்பாற்ற முடியாது. படம் எடுத்து, ரசீது இருந்தால் சேர்த்து வைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். சேதத்தைக் காட்டுவதற்காக அதை வீட்டில் வைத்திருந்து மகளைச் சுவாசிக்க விட வேண்டாம்.

அட்வான்ஸ் விஷயத்தில் வீட்டுக்காரர் நினைப்பது தவறு. குடியிருப்பவர் செய்த சேதத்துக்கும் பாக்கிக்கும்தான் பொதுவாக அதில் கழிக்கலாம். கசிவால் உரிந்த சுவரைச் சரிசெய்வது கட்டடப் பழுது, உங்கள் சேதம் அல்ல. ஜன்னல் மூலைக்கு மட்டும் ஒரு நியாயமான தொகை பேசினால், ஒத்துக்கொண்டு முடிப்பது நல்லது என்பது என் கருத்து. இரண்டு சுவருக்கும் சேர்த்துக் கழிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

14 நாள் கழிந்தும் பதில் வராவிட்டால், உங்கள் பகுதியின் வாடகைத் தீர்ப்பாயத்துக்கோ, உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவுக்கோ, வழக்கறிஞர் அறிவிப்புக்கோ போகலாம். கையில் கடிதத்தின் நகல், படங்கள், மீட்டர் படம், ஈரப்பதக் குறிப்பு, பிளம்பரின் எழுத்து, மகளின் மருத்துவக் குறிப்பு, தவறாமல் கட்டிய வாடகையின் வங்கி விவரம் ஆகியவை ஒரே கோப்பில் இருக்கட்டும். வீட்டை மாற்றிவிடலாம் என்று நினைத்தால் அதுவும் தவறல்ல, மகளுக்காக நானும் அதைத்தான் யோசிப்பேன். ஆனால் ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து, சாவியை ஒப்படைக்கும் நாளில் வீட்டுக்காரரும் கூட நிற்க எல்லா அறைகளையும் வீடியோ எடுத்துவிட்டு வெளியேறுங்கள்.